அடுத்து எதைப் படிப்பது என்று யாராவது சொல்லுங்களேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் புத்தகப் பக்கத்தைப் பல வருடங்களாக ஒரு வாரமும் விடாமல் படிக்கிறவள் நான். போன வாரம் அந்தப் பக்கத்தில் ஒன்பது புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் என்று தெரிந்தது, பதிப்பகம் எது என்று தெரிந்தது, வெளியீட்டு விழாவில் யார் யார் பேசினார்கள், எழுதியவர் இதுவரை என்னென்ன விருது வாங்கியிருக்கிறார் என்பதும் தெரிந்தது. எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகும், இந்த ஒன்பதில் எதை எடுத்தால் ராத்திரி விளக்கை அணைக்க மனசு வராது என்பது மட்டும் தெரியவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பு குறைந்துவிட்டது, எல்லாரும் செல்போனே கதி என்று இருக்கிறார்கள் என்று அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு நடந்தது வேறு. எனக்கு உயிராக இருந்த ஒரு துப்பறியும் எழுத்தாளர் உண்டு. அவர் எழுதியது அத்தனையும் படித்தேன், சிலவற்றை இரண்டு தடவை. கடைசிப் புத்தகத்தை மூடி வைத்தபோது அடுத்து யாரிடம் போவது என்று தெரியவில்லை. அங்கே இங்கே எடுத்துப் பார்த்தேன், எதிலும் ஒட்டவில்லை. அப்படியே ஏறத்தாழ மூன்று வருடம் ஒரு நாவலைக்கூட முடிக்காமல் ஓடிவிட்டது. யாராவது கேட்டால் நேரமில்லை என்று சொல்வேன். அதே மூன்று வருடத்தில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை முழித்திருந்து தொடர்கள் பார்த்திருக்கிறேன், ஆகவே நேரம் இருந்திருக்கிறது. ஒரு தொடர் முடிந்த நொடியில் அடுத்ததைத் திரையே கொண்டுவந்து நீட்டியது. புத்தகத்தை எனக்கு யாரும் அப்படி நீட்டவில்லை. படிப்பதை நிறுத்திவிட்ட பலபேர் என்னைப் போல அடுத்த புத்தகம் கிடைக்காமல் நின்றுபோனவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் அண்ணன் கதையையும் சொல்ல வேண்டும். படிக்கிற பழக்கமே இல்லாதவர், ஒருநாள் அவராகவே வந்து, நல்ல புத்தகம் ஏதாவது இருந்தால் கொடு என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா, எல்லாரும் புகழ்ந்த, பெரிய விருது வாங்கிய ஒரு கனமான நாவலைக் கொடுத்தேன். நாற்பதாவது பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த சீட்டு அங்கேயே இருந்தது. அப்புறம் இரண்டு வருடம் அவர் என்னிடம் புத்தகமே கேட்கவில்லை. தனக்குப் படிக்க வராது என்று முடிவு கட்டிவிட்டார். அது முழுக்க என் தவறு. உங்களுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இரண்டாவது தடவை கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முடிவு தெரிந்த பழைய மேட்சைத் திரும்பப் பார்த்தாலும் எனக்குக் கை வியர்க்கும் என்றார். அந்த ஒரு பதில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. கொலைகாரன் யார் என்ற மர்மம் அவருக்குத் தேவையே இல்லை. எப்படித் தப்பித்தார்கள் என்பதுதான் அவரை இழுக்கிறது. அண்டார்டிக் பனிக்கடலில் 1915 ஜனவரியில் சிக்கிக்கொண்ட என்டூரன்ஸ் கப்பலைப் பற்றிய உண்மைக் கதையைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே முடிவையும் சொல்லிவிட்டேன்: கப்பல் நசுங்கி நவம்பரில் மூழ்கிவிட்டது, அதில் இருந்த 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். முடிவு தெரிந்தே படித்தார், இரண்டு நாளில் முடித்தார், மூன்றாம் நாள் காலையில் இதே மாதிரி வேறு இருக்கிறதா என்று போன் செய்தார். விறுவிறுப்பு என்றால் முடிவை மறைத்து வைப்பது என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணனைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

இதைத்தான் நூலகர்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் பொது நூலகத்தில் பணியாற்றிய நான்சி பெர்ல் என்ற நூலகர், ஒரு புத்தகத்துக்குள் நாம் நுழைவதற்கு நான்கு வாசல்கள் உண்டு என்று சொல்வார். கதை ஒரு வாசல், பாத்திரங்கள் ஒரு வாசல், கதை நடக்கிற இடமும் காலமும் ஒன்று, மொழி நான்காவது. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் ஏதோ ஒன்றுதான் அகலமாகத் திறந்திருக்கும். அடுத்து என்ன ஆகும் என்று துடிப்பவருக்குக் கதைவாசல் அகலமான புத்தகம் வேண்டும். ஒரு மனுஷியின் கூடவே இருந்து அவள் வாழ்க்கையைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குப் பாத்திரவாசல். பார்த்தே இராத ஒரு ஊரில், ஒரு நூற்றாண்டில் போய் இறங்க வேண்டும் என்பவர் இடத்தின் வழியாக வருவார். வாக்கியத்தையே சுவைத்துப் படிக்கிறவருக்குக் கதையில் ஒன்றும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை. நம் மதிப்புரைகள் பெரும்பாலும் இந்த நான்காவது வாசலில் நிற்பவர்களுக்காக எழுதப்படுகின்றன என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்று வாசலிலும் நிற்கிற கூட்டம் பெரியது, அவர்களுக்கு வழிகாட்ட ஆளில்லை. இந்த நான்கு வாசல் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, எனக்கு மிகவும் பிடித்த பத்துப் புத்தகங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் எந்த வாசல் வழியாக உள்ளே போனேன் என்று பக்கத்தில் குறித்தேன். பத்தில் ஏழுக்கு எதிரே ‘இடம்’ என்று வந்தது. இத்தனை வருடமாக என்னை நான் துப்பறியும் கதை வாசகி என்று நினைத்திருந்தேன், ஆனால் கொலையைவிட அந்த ஊரும் மழையும் பழைய வீடுகளும்தான் என்னை இழுத்திருக்கின்றன. அதற்குப் பிறகு தேடுகிற திசையே மாறிவிட்டது. துப்பறியும் கதைகளின் அலமாரியை விட்டுவிட்டு, கடலோரம், மலை, பாலைவனம் என்று நிலம் கனமாக இருக்கிற நாவல்களைத் தேட ஆரம்பித்தேன். ஒரே வருடத்தில் எனக்கு நான்கு புது எழுத்தாளர்கள் கிடைத்தார்கள்.

இணையத்தில்தான் எல்லாப் பரிந்துரையும் கிடைக்கிறதே என்று யாராவது கேட்கலாம். கிடைக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். தங்கள் பரிந்துரை முறை எப்படி இயங்குகிறது என்று அமேசான் நிறுவனத்தைச் சேர்ந்த மூன்று பேர் 2003-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அதன் சாரம் எளிமையானது: இந்தப் பொருளை வாங்கியவர்கள் கூடவே வேறு எதை வாங்கினார்கள் என்று கணக்குப் பார்த்து, அதை உங்கள் முன்னால் வைப்பது. செருப்புக்கும் சார்ஜருக்கும் இது நன்றாகப் பொருந்தும். புத்தகத்துக்கு என்ன சிக்கல் என்றால், வாங்கியதுதான் அந்தக் கணக்கில் ஏறுகிறது. வாங்கியவர் பத்தாம் பக்கத்தில் தூக்கிப் போட்டாரா, விடிய விடியப் படித்தாரா என்பது அதில் வராது. இன்னொரு பெரிய சிக்கல், ஏற்கெனவே நிறைய விற்றதோடுதான் மற்றது ஜோடி சேரும். முதல் புத்தகம் எழுதிய ஒருவருக்கு இன்னும் விற்பனையே இல்லை என்றால் அவர் யாருக்கும் ஜோடியாக வர மாட்டார், ஆகவே யார் கண்ணிலும் பட மாட்டார், ஆகவே விற்கவும் மாட்டார். புது எழுத்தாளரைத் தேடுகிறவளுக்கு இந்தக் கணக்கு எப்படி உதவும்?

நட்சத்திர மதிப்பெண்ணும் அப்படித்தான். குட்ரீட்ஸ் மாதிரி தளங்களில் நான் ஐந்து நட்சத்திரம் தந்தவர்கள் எழுதியதைப் படிப்பதில்லை, ஒற்றை நட்சத்திரக் கோபத்தையும் படிப்பதில்லை. மூன்று தந்தவர்களைத்தான் தேடிப் படிக்கிறேன். அவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது இழுவையாக இருந்தது என்று நிதானமாகச் சொல்கிறார்கள். ‘பாதி வரைக்கும் கதை நகரவே இல்லை, அந்தத் தீவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்’ என்று ஒருவர் குறைப்பட்டு எழுதியிருந்த நாவலை நான் உடனே தேடிப்போய் எடுத்தேன், ஏனென்றால் எனக்கு அந்தத் தீவுதான் வேண்டும். ஒருவருடைய குறை இன்னொருவருக்கு அழைப்பிதழ்.

நல்ல புத்தகம் தானாகவே வாசகரைத் தேடி வந்துவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2013 ஏப்ரலில் ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதியவர் எழுதியதாக ஒரு துப்பறியும் நாவல் வந்தது. விமர்சனங்கள் நன்றாகவே இருந்தன. இருந்தும் மூன்று மாதத்தில் பிரிட்டனில் கெட்டி அட்டைப் பதிப்பில் சுமார் 1500 பிரதிகள்தான் விற்றிருந்தன என்று செய்தி வந்தது. ஜூலையில், அதை எழுதியவர் ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே.கே. ரௌலிங் என்று ஒரு பத்திரிகை வெளியிட்டதும் புத்தகம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டது. அதே கதை, அதே பக்கங்கள், அதே வாக்கியங்கள். உண்மையிலேயே அவர் ஒரு புதியவராக இருந்திருந்தால் அந்த நாவல் அப்படியே அமைதியாக மறைந்துபோயிருக்கும். அப்படி மறைந்துபோன எத்தனை புத்தகங்களில் என் தூக்கத்தைக் கெடுத்திருக்கக்கூடிய ஒன்று இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. ஜான் வில்லியம்ஸ் எழுதிய ‘ஸ்டோனர்’ என்ற அமெரிக்க நாவல் 1965-ல் வந்து, ஏறக்குறைய 2000 பிரதிகள் விற்று, அச்சில் இல்லாமல் போனது. எழுதியவர் 1994-ல் இறந்தும் போனார். பிறகு மறுபதிப்பு வந்தது. பிரான்சில் அன்னா கவால்டா என்ற நாவலாசிரியை அதைப் படித்து, பிடித்துப்போய், 2011-ல் தானே பிரெஞ்சில் கொண்டுவந்தார். இரண்டே வருடத்தில் ஐரோப்பா முழுக்க அதைப் படித்தார்கள். ஒரு கல்லூரி ஆசிரியரின் சாதாரண வாழ்க்கைதான் கதை, துரத்தலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் நான் அதைக் கீழே வைக்க முடியாமல் படித்தேன். எனக்குப் புதியது என்றால் இந்த வருடம் அச்சானது என்றுதான் இருக்க வேண்டுமா? ஐம்பது வருடத்துக்கு முந்தைய புத்தகம்கூட இன்றைக்கு நான் முதல் தடவை திறக்கும்போது புத்தம் புதிதுதான். உங்கள் பக்கத்தில் இந்த மாதம் வெளிவந்தவை மட்டும்தான் இடம்பெறுகின்றன, அதனால் இந்த மாதிரிப் புத்தகங்கள் ஒருபோதும் வருவதில்லை.

சரி, குறை சொன்னது போதும். எனக்குப் பலன் தந்த வழிகளைச் சொல்கிறேன், மற்ற வாசகர்களுக்கும் உதவலாம்.

முதலில் விருதுகள். வெற்றி பெற்ற புத்தகத்தைவிட நெடும்பட்டியல், அதாவது நடுவர்கள் முதலில் தேர்ந்தெடுத்து வெளியிடுகிற நீளமான பட்டியல், எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஐந்தாறு நடுவர்கள் சேர்ந்து ஒரே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒன்றுதான் பெரும்பாலும் மேலே வரும். யாரோ ஒரு நடுவர் மட்டும் காதலித்த விசித்திரமான, தலை கிறுகிறுக்க வைக்கிற புத்தகம் பட்டியலின் நடுவில் எங்கேயோ நிற்கும். சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் ஒவ்வொரு வருடமும் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு நூலுக்குத் தரப்படுகிறது, நெடும்பட்டியலில் 12 அல்லது 13 புத்தகங்கள் இருக்கும். அந்த 2016-லேயே அதை வென்றவர் கொரிய எழுத்தாளர் ஹான் காங். 2024-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது யார் இவர் என்று பலர் தேடினார்கள், அந்தப் பட்டியலைப் பின்தொடர்ந்தவர்களுக்கோ அவர் எட்டு வருடப் பழக்கம். வெறும் விறுவிறுப்புதான் வேண்டும் என்பவர்கள் இலக்கியப் பரிசுகளை விட்டுவிட்டுத் துப்பறியும் கதைகளுக்கான பரிசுகளைப் பார்க்கலாம். அதிலும் முதல் நாவலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருதில் 1946 முதலே முதல் நாவலுக்குப் பரிசு உண்டு, பிரிட்டனில் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் 1973 முதல் கொடுத்துவருகிறது. புது எழுத்தாளர் வேண்டும் என்று தவிக்கிறவருக்கு இதைவிட நேரான வழி ஏது? பரிந்துரைக்கப்பட்ட அத்தனை பேருமே புதியவர்கள்.

அடுத்தது, எனக்கு மிக நெருக்கமானது, மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்வது. ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு புத்தகத்தோடு மாதக்கணக்கில் வாழ்கிறார், சில சமயம் வருடக்கணக்கில். ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பத் திரும்பப் படித்தாக வேண்டும். தனக்கே சலிப்புத் தட்டுகிற ஒன்றை அத்தனை நாள் யார் கட்டிக்கொண்டு அழுவார்கள்? அதனால், பிடித்த ஒரு மொழிபெயர்ப்பு நூல் கிடைத்தால் நான் மூல ஆசிரியரின் பெயரோடு மொழிபெயர்த்தவரின் பெயரையும் குறித்துக்கொள்கிறேன். அவர் வேறு யாரையெல்லாம் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் நல்ல விருந்து காத்திருக்கிறது. இந்த ஒரு வழியிலேயே நான் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத மூன்று நாடுகளின் எழுத்தாளர்களிடம் போயிருக்கிறேன். ஆனால் பல மதிப்புரைகளில் மொழிபெயர்ப்பாளர் பெயரே இருப்பதில்லை. உங்கள் பக்கத்திலும்தான். தயவுசெய்து அதைப் போடுங்கள்.

பலபேர் எழுதிய கதைத் தொகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது பேர், இருபது கதை. நானூறு பக்க நாவலை நம்பி இறங்குவதைவிட இருபது பக்கக் கதையில் ஒருவருடைய கை எப்படி என்று தெரிந்துகொள்ளலாம். ஷெர்லாக் ஹோம்ஸ்கூட 1887-ல் ஒரு முழு நீளக் கதையில்தான் அறிமுகமானார், அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1891-ல் ஸ்ட்ராண்ட் இதழில் சிறுகதைகளாக வரத் தொடங்கிய பிறகுதான் ஜனங்கள் பித்துப் பிடித்துப் படித்தார்கள். தொகுப்பில் எந்தக் கதையை முடித்ததும் எழுதியவர் யார் என்று திருப்பிப் பார்க்கிறேனோ அந்தப் பெயர் என் நோட்டில் ஏறிவிடும். இருபதில் இரண்டு பெயர் கிடைத்தாலே எனக்கு லாபம்.

அப்புறம் நன்றியுரை. புத்தகத்தின் கடைசியில் இருக்கிற அந்த இரண்டு பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எழுத்தாளர்கள் தங்கள் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொன்ன மற்ற எழுத்தாளர்களின் பெயரை அங்கேதான் எழுதுவார்கள், எந்தப் பழைய புத்தகம் தன்னை எழுத வைத்தது என்பதையும் சிலர் சொல்வார்கள். பின்னட்டையில் இருக்கிற புகழுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை, பல நேரம் அது பதிப்பகம் கேட்டு வாங்கியது. நன்றியுரையில் வருகிற பெயர் மனசிலிருந்து வந்தது.

நூலகரிடம் கேட்பது பழைய வழி, இன்னமும் சிறந்த வழி. ஆனால் நல்ல புத்தகம் கொடுங்கள் என்று கேட்டால் அவரும் என்னை மாதிரியே விருது வாங்கிய கனமானதைத்தான் எடுத்துத் தருவார். போன மாதம் இதைப் படித்தேன், அதில் அந்த அக்கா தங்கை சண்டைதான் பிடித்தது, அதே மாதிரி ஒரு குடும்பச் சண்டை உள்ள கதை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். தன் வேலையை யாரோ சரியாகக் கேட்டுவிட்டார்கள் என்ற சந்தோஷம் அதில் தெரியும். கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இந்த மூன்றும் நூலகத்துக்கு மட்டும் சொன்னது என்று நான் நினைக்கவில்லை, பத்திரிகையின் புத்தகப் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும்.

பிடிக்காத புத்தகத்தை விட்டுவிடுவதையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்று நமக்குள் யாரோ ஒரு வாத்தியார் உட்கார்ந்துகொண்டு மிரட்டுகிறார். அந்த மிரட்டலால் ஒரே புத்தகம் மேஜையில் நாலு மாதம் கிடக்கும், அதைத் தாண்டி இன்னொன்றை எடுக்கக் குற்ற உணர்ச்சியாக இருக்கும், கடைசியில் இரண்டுமே படிக்காமல் போகும். முன்னால் சொன்ன நான்சி பெர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையா, வைத்துவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொண்டு அத்தனை பக்கம் படித்தால் போதும். அதன்படி எழுபது வயதுக்காரர் முப்பது பக்கம், நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம். இதைப் படித்த அன்றைக்கே என் மேஜையில் கிடந்த ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன், மனசு லேசாகிவிட்டது. அந்த வாரமே வேறு ஒன்றை எடுத்து முடித்தும்விட்டேன்.

சந்தோஷத்துக்காகப் படிப்பதை ஏதோ மட்டமான காரியம் மாதிரி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில், பொழுதுபோக்குக் கதைகள் படிக்கிறவர்களை வாசகர்கள் என்றே சொல்ல முடியாது என்று ஒருவர் மேடையில் பேசியதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். எனக்கு முன்வரிசையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மடியில் ஒரு பேய்க்கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் பேசப் பேச அந்தப் புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் படிப்பதை நிறுத்தியிருக்கக்கூடாது என்று இப்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். புத்தகப் பக்கத்தில் கால் பங்கு இடம் போதும். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கதைச் சுருக்கம் வேண்டவே வேண்டாம் (போன மாதம் ஒரு மர்ம நாவலின் முடிவை மதிப்புரையின் மூன்றாவது பத்தியில் எழுதிவிட்டீர்கள், நான் அப்போது அதைப் பாதி படித்திருந்தேன்). கதை எந்த வேகத்தில் போகிறது, எந்தப் பக்கத்துக்கு அப்புறம் பிடித்து இழுக்க ஆரம்பிக்கிறது, எந்த வாசல் அகலம், எந்த மாதிரி வாசகருக்கு இது பிடிக்கும் என்று சொல்லுங்கள். யாருக்குப் பிடிக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த ஒரு வரி இருந்தால்தான் மற்ற வரிகளின் மேல் எனக்கு நம்பிக்கை வரும். பதிப்பகத்தின் அனுமதி வாங்கி முதல் பத்தியை அப்படியே அச்சிட்டுவிட்டால் இன்னும் நல்லது, ஒரு எழுத்தாளரின் குரல் நமக்கு ஒத்துப்போகுமா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். மாதத்தில் ஒரு வாரமாவது முதல் புத்தகம் எழுதியவருக்கு அந்த இடத்தைக் கொடுங்கள், இன்னொரு வாரம் அச்சில் மறந்துபோன பழைய ஒன்றுக்கு.

எழுதுவதற்கு விமர்சகர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாசகர்களையே கேளுங்கள். பேருந்து ஓட்டுகிறவர், செவிலியர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள் என்று யார் வேண்டுமானாலும், தன் தூக்கத்தைக் கெடுத்த ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி எட்டு வரி எழுதி அனுப்பட்டும். இலக்கியச் சொற்கள் வேண்டாம், எங்கே உட்கார்ந்து படித்தேன், எந்த இடத்தில் மூச்சு நின்றது என்று எழுதினால் போதும். ஆரம்பிப்பதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை தெரியப்படுத்துங்கள், முதல் எட்டு வரியை அந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். என் அண்ணனும் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி

பி.கு.: அண்ணன் இரண்டு நாளில் முடித்த புத்தகத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆல்ஃபிரட் லான்சிங் 1959-ல் எழுதிய ‘என்டூரன்ஸ்’. அந்தக் கப்பலில் இருந்து பிழைத்து வந்தவர்களிடம் நேரில் பேசியும், அவர்களுடைய நாட்குறிப்புகளைப் படித்தும் எழுதியது. கதையும் இடமும் இரண்டு வாசலும் அகலம். வேகம் முதல் பக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். பசியும் குளிரும் பக்கம் பக்கமாக வரும், அதைத் தாங்க முடியாதவர்களுக்குப் பிடிக்காது.